நாலாம் விதியும் ரெஜினாவின் கையெழுத்தும்

1

செல்லப்பனின் கடிதம் பதினோரு நாள் பயணம் செய்து மஸ்கட்டுக்கு வந்து சேர்ந்தது. அவன் பாறசாலை சந்தைக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருப்பவன், எனக்குச் சின்ன வயதுச் சிநேகிதன், எங்கள் கட்சியின் இன்றைய தலைவன். வழக்கமாக அவன் கடிதத்தில் மழை, மரச்சீனிக் கிழங்கு விலை, யார் செத்தார் என்ற மூன்று சேதியும் தவறாமல் இருக்கும். இந்த முறை மூன்றும் இல்லை. ஒரு அச்சடித்த தாள் மட்டும். மேலே கொடி, கீழே தமிழிலும் மலையாளத்திலும் அழைப்பு. கட்சிக்குப் பத்து வயது ஆகிறதாம், மலர் போடுகிறார்களாம், வெளிநாட்டில் இருக்கிற பழைய தோழர்கள் கட்டுரை தர வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'எல்லாரும் வருக, எல்லாரும் நம்மவரே.'

தாளின் ஓரத்தில் பேனாவால் செல்லப்பன் கிறுக்கியிருந்தான். "எலே தங்கமணி, ரெண்டு பக்கம் போதும். பழசைக் கிளறாத."

அவன் அதை எழுதாமல் இருந்திருந்தால் நானும் இரண்டு பக்கம் வாழ்த்து எழுதி, 'வளர்க, வெல்க' என்று முடித்து அனுப்பியிருப்பேன். பழசைக் கிளறாதே என்றால் என்ன அர்த்தம்? கிளறினால் நாறும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அது எனக்கும் தெரியும். நாற்றத்தில் பாதி என்னுடையது என்பதால்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

இன்று வெள்ளிக்கிழமை, விடுமுறை. மஸ்கட்டின் ரூவிப் பகுதியில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். வசந்தா அடுக்களையில் மீன் கழுவுகிறாள். மகள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறாள். ஏ.சி. சத்தம் போடுகிறது. நான் குளிர்சாதனப் பெட்டிகளுக்கு உதிரிப்பாகம் விற்கிற கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். எங்கள் ஊரில் தமிழாசிரியனாக இருந்தவன் இங்கே கம்ப்ரசர்களுக்கு நம்பர் ஒட்டுகிறேன். அதில் வருத்தமில்லை. கம்ப்ரசரிடம் யாரும் தாய்மொழி கேட்பதில்லை.

2

மலரைப் படிக்கப் போகிற இளையவர்களுக்குக் கட்சி எப்படிப் பிறந்தது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன்.

மாநிலம் பிரித்தபோது களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்குப் போயிற்று, இந்தப் பக்கம் கேரளத்தில் நின்றது. என் சித்தப்பா வீடு அந்தப் பக்கம், எங்கள் வீடு இந்தப் பக்கம். நடந்தால் முக்கால் மணி நேரம். குன்னத்துகாலிலும் செங்கலிலும் பாறசாலையிலும் சிதறிக் கிடக்கிற எங்களுக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இரண்டும், ஆபீசில் மலையாளம். இது ஒன்றும் அழுது புலம்புகிற விஷயமில்லை. இரண்டு மொழியும் வாய்க்கு வரும். சண்டை போடும்போது எது காரமோ அதை எடுத்துக்கொள்வோம்.

ஒருநாள் வில்லேஜ் ஆபீசில் வருமானச் சான்றிதழுக்கு ஒரு மனு கொடுத்தேன். தமிழில் எழுதியிருந்தேன். கிளார்க் அதைப் படிக்கவே இல்லை. தாளை ஒரு விரலால் என் பக்கம் திருப்பி, மேசைமேல் தள்ளிவிட்டார். மலையாளத்தில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எனக்கு மலையாளம் எழுதத் தெரியும். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அந்த விரல் தள்ளிய விதம் எனக்குப் பொறுக்கவில்லை. அன்று சாயங்காலமே செல்லப்பன் கடையில் பஞ்சர் ஒட்டுகிற பெஞ்சில் ஒன்பது பேர் உட்கார்ந்து கட்சி ஆரம்பித்தோம்.

கோரிக்கை அதிகமில்லை. தமிழில் மனு கொடுத்தால் வாங்க வேண்டும். எங்கள் வார்டு அரசு ஆரம்பப் பள்ளியில் இருக்கிற தமிழ்ப் பிரிவை மூடக் கூடாது. அந்தப் பள்ளியில் மலையாளத்துக்கு ஐந்து வகுப்பறை, தமிழுக்கு இரண்டு. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் பிரிவை மூடி, ஆசிரியையை வேறெங்காவது மாற்றிவிடுவார்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறக்கும்போது வாசலில் நின்று தலை எண்ணுவோம். சுருக்கமாகச் சொன்னால், அந்த இரண்டு வகுப்பறைதான் எங்கள் கட்சி.

நான் செயலாளர். பத்தாம் வகுப்பில் தோற்றவர்களை மறுபடி எழுத வைக்கிற டுட்டோரியல் ஒன்றில் அப்போது வேலை பார்த்தேன். கட்சியின் விதிகளையும் நான்தான் எழுதினேன். நாலாம் விதி: உறுப்பினராகச் சேருகிறவர் படிவத்தில் தமிழில் கையெழுத்திட வேண்டும்.

அந்த விதிக்குக் காரணம் இருந்தது. இரண்டாம் வருஷம் பெரிய கட்சி ஒன்றின் ஆட்கள் ஒரே நாளில் நாற்பது பேர் வந்து சேர்ந்தார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அடுத்த மாதக் கூட்டத்திலேயே செயற்குழுவை மாற்ற வேண்டும் என்று கை தூக்கினார்கள். எப்படியோ தப்பித்தோம். அதற்குப் பிறகுதான் நாலாம் விதி வந்தது. செல்லப்பனும் அன்று கைதட்டினான். மறந்திருப்பான். மினிட் புத்தகத்தில் இருக்கிறது, எடுத்துப் பார்க்கட்டும்.

3

மஸ்கட்டுக்கு வந்த முதல் வருஷம் இங்குள்ள தமிழ்ச் சங்கம் ஒன்றில் சேரப் போனேன். பெயரைச் சொல்ல மாட்டேன், நல்ல மனிதர்கள். படிவத்தில் 'சொந்த மாவட்டம்' என்ற இடத்தில் திருவனந்தபுரம் என்று எழுதினேன். செயலாளர் தஞ்சாவூர்க்காரர், எஞ்சினியர். காப்பி கொடுத்துவிட்டுப் படிவத்தைப் பார்த்தார். 

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களைப் பத்தி இல்ல. ஒருத்தருக்கு விட்டா பின்னாலயே நாலு பேர் வருவாங்க, அப்புறம் சங்கம்னு ஒண்ணு எதுக்கு? அசோசியேட் மெம்பரா இருங்க. எல்லா விழாவுக்கும் வாங்க. ஓட்டு மட்டும் இல்ல."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அந்த வாக்கியத்தை அநேகமாக வார்த்தை மாறாமல் நானே செல்லப்பன் கடையில் சொல்லியிருக்கிறேன். தஞ்சாவூர்க்காரராவது காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னார்.

பொங்கல் விழாவுக்குப் போனோம். சாப்பாட்டுப் பந்தியில் பரிமாறுகிற பையனிடம் 'குடிக்க வெள்ளம் உண்டா' என்று கேட்டுவிட்டேன். எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் தண்ணீர். பந்தி முழுக்கச் சிரித்தது. ஒருவர் 'கேரளா பார்ட்டிக்கு வெள்ளம் கொண்டு வாப்பா' என்றார். பக்கத்து ஃபிளாட்டில் இருக்கிற கோட்டயத்துக்காரர்கள் என்னைப் பிரியமாகக் கூப்பிடுகிற பெயர் பாண்டி. ஆக இந்த ஊரில் நான் தமிழனுக்கு மலையாளி, மலையாளிக்குப் பாண்டி, அரபிக்கு 'இந்தி', அதாவது இந்தியாக்காரன். ஊரில் ஒருவரை 'நீ தமிழா இல்லையா' என்று தீர்ப்புச் சொல்கிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனுக்கு இது வேண்டும்தான்.

4

இனி ரெஜினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். செல்லப்பன் கிளறாதே என்றது இதைத்தான்.

பொழியூர்க் கரையில் கடலரிப்பில் வீடு போன ஏழெட்டுக் குடும்பங்கள் எங்கள் வார்டில் புறம்போக்கில் வந்து குடியேறியிருந்தன. லத்தீன் கத்தோலிக்கர்கள். ஆண்கள் விடியற்காலை முதல் பஸ்ஸில் கடலுக்குத் திரும்பிப் போவார்கள். பெண்கள் மீன் விற்பார்கள். ரெஜினா மீன் நிறைந்த அலுமினியச் சருவப் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாள். வார்டில் அவள் கால் படாத அடுக்களை கிடையாது. எந்த வீட்டில் யாருக்குச் சுகமில்லை, எந்தப் பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எல்லாம் அவளுக்குத் தெரியும். கடன் சொன்னாலும் மீன் கொடுத்துவிட்டுப் போவாள்.

அவள் பேசுவது தமிழ். ஜெபம் தமிழ், ஏசுவது தமிழ், பிள்ளையை உறங்க வைப்பதும் தமிழ். ஆனால் அவள் படித்த கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் தமிழ் இல்லை. ஏழாம் வகுப்புவரை மலையாளம். எழுத்து என்று கையில் வருவது அது மட்டும்தான்.

பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அந்த வருஷம் தமிழ்ப் பிரிவு மூடப்படாமல் தப்பியிருந்தது. எங்கள் போராட்டத்தின் வெற்றி என்று நான் நோட்டீஸ் எழுதி அச்சடித்துக் கொடுத்தேன். பஞ்சாயத்தில் ஒரு ஆள் இருந்தால் பிரிவை இனி அசைக்க முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். யாரை நிறுத்துவது?

செல்லப்பன் ரெஜினா என்றான். நான் நாலாம் விதி என்றேன். கடையில் மூன்று நாள் இதே பேச்சு. சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவர்கள்கூடக் கருத்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். கட்சி என்றால் ஆள் வேண்டும், ஆள் வந்தால்தான் கட்சி என்பது செல்லப்பன் கட்சி. எதற்காக ஆரம்பித்தோமோ அது போனால் பிறகு எத்தனை ஆள் வந்து என்ன என்பது என் கட்சி.

"கொள்கை வந்து ஓட்டுப் போடாது மக்கா," என்றான் அவன். "ரெஜினா சொன்னா நூறு வீடு போடும்."

"கொள்கை வேண்டாம்னா நமக்கு எதுக்குத் தனியாட்டு ஒரு கட்சி? பெரிய கட்சியில போய்ச் சேரலாமே. இன்னைக்கு இவளுக்கு விட்டா நாளைக்கு நாலு பேரு வருவானுவ," என்றேன் நான்.

இப்போது நினைத்தால், இரண்டு பேருமே அவளைப் பற்றிப் பேசவில்லை. அவனுக்கு அவள் நூறு வீடு. எனக்கு அவள் ஒரு விதிமீறல்.

ரெஜினா வந்தாள். படிவத்தில் பெயரை மலையாளத்தில் எழுதிக் கொடுத்தாள். நான் தாளைத் திருப்பி, ஒரு விரலால் அவள் பக்கம் தள்ளினேன். ஆமாம், அதே விரல், அதே தள்ளல். யாரிடம் கற்றுக்கொண்டேனோ அவரைப் போலவே, படிக்காமல். அன்று அது எனக்கு உறைக்கவே இல்லை. தமிழில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். சரி சாரே என்று சொல்லிவிட்டுப் போனாள். முகம் சுளிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். செயற்குழு ஒன்பது பேரும் டுட்டோரியல் வகுப்பறையில் உட்கார்ந்திருந்தோம். பேனாவை வாங்கி, பெஞ்சில் குனிந்து, மூன்று எழுத்தையும் பெரிதாக எழுதினாள். ரெ, ஜி, னா. கொம்பும் கொக்கியும் எல்லாம் சரியாக இருந்தன. கோடுதான் மேலும் கீழுமாகப் போயிருந்தது. செல்லப்பன் பெஞ்சைத் தட்டினான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் தோற்றுவிட்டதாகப் பட்டது. அதுதான் உண்மை. கொள்கை, மண்ணாங்கட்டி எல்லாம் அப்புறம். அத்தனை பேர் முன்னால் செல்லப்பனிடம் தோற்கக் கூடாது, அவ்வளவுதான்.

கையெழுத்தை யாரும் பார்த்து வரைந்துவிடலாம் என்றேன். கட்சி உறுதிமொழியை வாசிக்கட்டும் என்றேன். அப்படி ஒரு விதி கிடையாது. அந்த நிமிஷத்தில் நான் உண்டாக்கியது. உறுதிமொழியும் நான் எழுதியதுதான். மூச்சு வாங்குகிற நீளத்துக்கு வார்த்தைகளைக் கோத்துப் பண்டிதத் தமிழில் எழுதியிருந்தேன். எங்கள் ஒன்பது பேரிலேயே மூன்று பேர் அதைத் தடுமாறாமல் வாசிக்க மாட்டார்கள்.

அவள் வாசித்தாள். முதல் வரியை எழுத்துக் கூட்டிக் கடந்தாள். இரண்டாம் வரியில் நின்றாள். மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி நின்றாள். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதைவிடக் கேவலமான காரியம் செய்தேன். திருத்தினேன். டுட்டோரியல் பிள்ளைகளைத் திருத்துகிற அதே குரலில், அந்த வார்த்தையை உடைத்து உடைத்துச் சொல்லி, 'எங்கே, இன்னொரு தடவை' என்றேன்.

ரெஜினா தாளை மடித்துப் பெஞ்சின்மேல் வைத்தாள்.

"நான் மீன் விக்குறவளாக்கும் சாரே. பரீட்சை எழுத வந்தவ இல்ல."

சருவத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாங்கள் ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியரின் மனைவியை நிறுத்தினோம். சுத்தமான தமிழ், உறுதிமொழியைப் பார்க்காமலே சொல்வார். நூறு ஓட்டுகூட விழவில்லை. பெரிய கட்சிக்காரி ஜெயித்தாள். செல்லப்பன் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அடுத்த வருஷம் டுட்டோரியலை மூடிவிட்டார்கள். எனக்கு மஸ்கட் விசா வந்தது, கிளம்பிவிட்டேன். வழியனுப்ப வந்தவர்களில் செல்லப்பனும் இருந்தான். இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

5

என் மகளுக்குக் கயல்விழி என்று பெயர் வைத்தது நான். ஊரில் சோபா, பிந்து, ஷீபா என்று வைத்துக்கொண்டிருந்த காலம். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவளைக் 'கே' என்று கூப்பிடுகிறார்கள். ஒரே ஒரு எழுத்து மிஞ்சியிருக்கிறது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆயிற்று.

பள்ளியில் சேர்க்கும்போது அலுவலகத்தில் இருந்தவர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் தாய்மொழி மலையாளம் என்று தானாகவே எழுதிக்கொண்டார். அதை மாற்ற மூன்று முறை வேலைக்கு லீவு போட்டேன். முதல் முறை, தூதரகத்தில் கடிதம் வாங்கிவா என்றார்கள். தூதரகத்தில், இதற்கெல்லாம் கடிதம் தருகிற வழக்கமில்லை என்றார்கள். மூன்றாம் முறை முதல்வரையே பார்த்துக் கத்தினேன். வெள்ளை மையால் அழித்து, மேலே தமிழ் என்று எழுதினார்கள். கயல்விழி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வரும்வரை எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள்.

இந்த வருஷம் ஏழாம் வகுப்பு. இரண்டாம் மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் வகுப்பில் ஆறு பிள்ளைகள். நூலகத்தின் மூலையில் நடக்கிறது. அவள் பிரெஞ்சு என்று நிரப்பிக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டாள். நான் வழக்கமான பிரசங்கத்தை ஆரம்பித்தேன். எல்லை, போராட்டம், தாத்தா காலம். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"அப்பா, எனக்குத் தமிழ் பிடிக்கும். உங்ககிட்ட தமிழ் பேசத்தான் பிடிக்கல. எதைச் சொன்னாலும் திருத்துறீங்க."

வசந்தா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் சொல்ல வேண்டியதை மகள் சொல்லிவிட்டாள். பதினாலு வருஷமாக வசந்தாவையும் நான் திருத்திக்கொண்டுதான் இருக்கிறேன். பிரெஞ்சுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

6

நான் போன பிறகு கட்சி நாலாம் விதியை எடுத்துவிட்டது. நல்லது. எடுக்க வேண்டியதுதான். ஆனால் செல்லப்பன் விதியை எடுத்துவிட்டு ரெஜினா வீட்டுக்கா போனான்? இல்லை. பாறமடைக்காரர் வீட்டுக்குப் போனான்.

எங்கள் பக்கத்தில் கல் உடைக்கிற குவாரியைப் பாறமடை என்போம். பெருங்கடவிளைப் பக்கம் இரண்டு பாறமடையும் எட்டு லாரியும் வைத்திருந்த ஒருவர், தன் லாரி டிரைவர், கிளீனர், வெட்டுக்காரர், அவர்கள் மச்சான்மார் என்று இருநூறு பேரோடு கட்சியில் சேர்ந்தார். அவருக்குத் தமிழ் வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. பஞ்சாயத்தில் பாறமடைக்கு எதிராகப் பேசாத ஒரு கட்சி வேண்டும். எல்லாரும் நம்மவரே அல்லவா! அவரும் நம்மவர், அவரால் சுவர் விரிசல் விட்ட வீட்டுக்காரனும் நம்மவன். இரண்டு பேரையும் ஒரே மேடையில் உட்கார வைத்தால் யார் வாயை மூட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. கட்சி இரண்டு வார்டு ஜெயித்தது. மாலை போட்ட போட்டோவைச் செல்லப்பன் எனக்கு அனுப்பினான்.

அதே வருஷம் பள்ளியில் தமிழ்ப் பிரிவை மூடினார்கள். பிள்ளைகள் போதவில்லை என்று ஒரு உத்தரவு. எங்கள் கட்சி ஒரு கண்டனக் கூட்டம்கூடப் போடவில்லை. புதிதாக வந்தவர்கள் மனம் நோகும் என்று செயற்குழுவில் தீர்மானித்தார்களாம். எதற்காகக் கட்சி ஆரம்பித்தோமோ அது செத்த அன்று கட்சிக்கு வாய் திறக்கத் தோன்றவில்லை. ஆளும் இருந்தது, கொடியும் இருந்தது, இரண்டு மெம்பர்மாரும் இருந்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்குக்கு மாலையும் போட்டார்கள்.

நான் எட்டுப் பக்கம் கடிதம் எழுதினேன். செல்லப்பனை எவ்வளவு கேவலமாக எழுத முடியுமோ அவ்வளவு. பிரிவை மூடியது கல்வி இலாகா இல்லை, நீ, உன் கூட்டாளி, உங்கள் திறந்த கதவு என்று எழுதினேன். கொள்கையை விட்டுவிட்டு ஆள் சேர்த்தால் இதுதான் நடக்கும் என்று அன்றைக்கே சொன்னேனே என்று நாலு இடத்தில் அடிக்கோடிட்டேன். எழுதி முடித்தபோது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. இரண்டு வகுப்பறை போய்விட்டது, ஆனால் நான் சரியாகச் சொன்னேன் அல்லவா! இப்படிப்பட்ட சந்தோஷம் கொள்கைக்காரனுக்குத்தான் வாய்க்கும்.

அவன் ஒரே வரியில் பதில் போட்டான். "வந்து ரெஜினாவைப் பாரு."

7

போன வருஷம் லீவில் போனபோது பார்த்தேன். பாறசாலை சந்தையில் இப்போது உட்கார்ந்து விற்கிறாள். நடந்து விற்க முழங்கால் விடவில்லையாம். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். எப்போது வந்தேன், பிள்ளை எத்தனையாம் வகுப்பு, அந்த ஊரில் என்ன மீன் கிடைக்கும் என்று கேட்டாள். நான் நெய்மீன் என்றேன். நெய்மீன் எல்லா இடத்திலும் பணக்காரர் மீன்தான் என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. பிரிவை மூடிவிட்டார்களே, இவர்கள் யாரும் ஒன்றும் செய்யவில்லையே என்று செல்லப்பனைக் குறை சொல்ல ஆரம்பித்தேன். பழக்கதோஷம். அவள் மீனின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டாள். பிறகு, அதில் செல்லப்பன் அண்ணனைச் சொல்லிக் குற்றமில்லை என்றாள்.

பிரிவு தப்பித்த அந்த வருஷம், நான் வெற்றி நோட்டீஸ் அடித்தேனே, அந்த வருஷம் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கடற்கரைக் குடும்பங்களின் பிள்ளைகள். ஏழு வீட்டிலும் போய், நமக்குத்தான் எழுத்து கிடைக்கவில்லை, பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும் என்று சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சேர்த்தது ரெஜினா. கட்சி கேட்டுச் செய்ததல்ல. கட்சிக்கு அது தெரியாது. செயலாளருக்கு நிச்சயமாகத் தெரியாது. நான் நாலாம் விதியைக் காத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஜூனில் அவள் தன் மகளை மலையாளப் பிரிவுக்கு மாற்றினாள். மற்ற வீட்டுக்காரர்களும் அவளைப் பார்த்து மாற்றினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வகுப்பு காலியாயிற்று. பாறமடைக்காரர் கட்சிக்குள் வருவதற்கு முன்பே அது செத்துக்கொண்டிருந்தது.

நான் அவமானப்படுத்தியதற்காகவா என்று கேட்டேன். நேராகக் கேட்டுவிட்டேன். அவள் இல்லை என்று தலையாட்டினாள். சந்தையில் தினமும் நாலு பேர் ஏசுகிறார்கள், அதையெல்லாம் பார்த்தால் மீன் விற்க முடியுமா என்றாள். அப்புறம் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும்.

"எனக்க மகளாக்கும் எனக்கு எழுத்து சொல்லித் தந்தது. அப்பம் அவ ரெண்டாம் கிளாஸ். ஏழு நாளு, நான் மீன் வித்துட்டு வந்தப்பொறவு, சிலேட்டுல கையைப் பிடிச்சு எழுத வச்சா. அண்ணைக்கு அவளும் கூட வந்திருந்தா சாரே. வெளிய ஜன்னல் பக்கம் நிண்ணா. நீங்க பாத்திருக்க மாட்டிய. திரும்பிப் போற வழியில எங்கிட்ட கேட்டா: 'அம்மா, நான் தப்பாட்டா சொல்லித் தந்தேன்?'"

ஒரு ஆள் வந்து சாளை கேட்டான். அவள் அவனுக்கு எடுத்துக் கொடுத்தாள்.

"பிள்ளை அப்படிக் கேட்டப்பொறவு எனக்கு அங்க விட மனசு வரல்ல," என்றாள்.

கட்சி எல்லாரையும் சேர்க்க வேண்டுமா, கொள்கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமா என்பதுதான் நீங்கள் மலருக்குக் கொடுத்த தலைப்புக்குள் இருக்கிற கேள்வி. இரண்டையும் பார்த்தவன் சொல்கிறேன். தமிழ் கிடைக்காத ஒருத்திக்கு அதைக் கொடுப்போம் என்பதுதான் எங்கள் கொள்கை. நான் அதை அவளிடமே கேட்டு வாங்கப் பார்த்தேன். செல்லப்பனோ, எல்லாம் ஏற்கெனவே கிடைத்திருந்த பாறமடைக்காரருக்குக் கதவைத் திறந்துவிட்டு, அதற்கு எல்லாரும் நம்மவர் என்று பெயர் வைத்தான். அவன் செய்தது தப்பு. ஆனால் அவன் திறக்கும்போது உள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

செல்லப்பா, எட்டுப் பக்கக் கடிதத்தில் பிரிவை மூடியது நீ என்று எழுதியிருந்தேன். மூடியது நான். மூன்று எழுத்தைச் சரியாகச் சொல்லிக்கொடுத்த ஒரு ஏழு வயதுப் பிள்ளையிடம், நீ சொல்லிக்கொடுத்தது தப்பு என்று சொல்லி மூடினேன். இதை மலரில் போடுவதானால் அப்படியே போடு, ஒரு வார்த்தையும் திருத்த வேண்டாம்.